தேய்ப்பவளின் இடது கை

என் செல்ல மகளுக்கு,

நேற்று உன் ஓவியக்கூடத்துக்கு வந்திருந்தேன். நீ கூட்டத்துக்குப் படங்களை விளக்கும்போது தூணோரம் நின்றேன். வேலை நேரத்தில் உன்னைத் தொந்தரவு செய்யக் கூடாதே என்றுதான், வேறொன்றுமில்லை.

துணி தேய்க்கும் பெண்ணின் படத்தைக் காட்டி, “ராஜாக்களை மட்டுமே வரைஞ்சிட்டிருந்த காலத்துல, கூலிக்காரி ஒருத்தியை ஆளுயரத்துக்கு வரைஞ்சிருக்கார்” என்றாய். நூற்றைம்பது வருடமாக அவள் இஸ்திரிப் பெட்டியோடு நிற்கிறாள், ஒரு தோளைச் சாய்த்து, அசல் என்னைப் போலவே.

அவளுடைய இடது முழங்கைக்குக் கீழே இருக்கும் கறுப்பு என்ன என்று ஒருவர் கேட்டார்.

“அது ஜன்னல் நிழல்” என்றாய்.

நிழல் இல்லையம்மா. அந்தக் கையால் துணியை நீவும்போது பெட்டி சுடும் இடம் அது. இதைக் கவனிக்க, படத்தை வரைந்த அந்த மனிதர் எத்தனை நாள் எங்களைப் போன்றவர்கள் பக்கத்தில் நின்றாரோ.

உன்மேல் தப்பில்லை. நான்கு வயதில் என் கையைத் தடவி, “இது என்னம்மா?” என்று கேட்டாய். நிழல் என்று சொன்னவள் நான்தான்.

அடுத்த வாரம் மறுபடி வருகிறேன். இந்த முறை கையை முந்தானையால் மூடாமல், முன்வரிசையில் நிற்பேன்.

உன் அம்மா