எண்ணெய் விட்டதும் வந்த தெம்பு

இன்று காலை கண்மாய்க்குள் மிஷின் வைத்துச் சீமைக்கருவேலம் அறுத்துக்கொண்டிருந்தார்கள். நான் பஸ்ஸுக்கு நின்ற இடம்வரை புகை வந்தது. பெட்ரோலும் எண்ணெயும் சேர்ந்து எரிகிற அந்த வாடை. பக்கத்தில் நின்றவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். எனக்கு உன் சட்டை ஞாபகம் வந்தது. துவைத்துப் போட்டாலும் அது அப்படித்தான் நாறும். நீ இறந்த பிறகு வந்த ஐப்பசியிலும் மழை வழக்கம்போலத்தான் பெய்தது, அதாவது பெய்யவில்லை.

தொண்ணூறுகளின் தொடக்கம். திருச்சுழிப் பக்கம் விறகைக் கரியாக்கக் கரிமூட்டம் போட்டவர்கள் எல்லாரும் கோடாலியை நம்பியிருந்தபோது, நாம் இருவரும் சேர்ந்து மதுரையில் மரம் அறுக்கிற பழைய மிஷின் ஒன்றை வாங்கினோம். அறுப்பது உன் வேலை. பெட்ரோலில் எண்ணெய் கலந்து தருவதும், கரியை லோடு ஏற்றி அனுப்புவதும் என் வேலை. பாலவனத்தத்திலிருந்தெல்லாம் அதைப் பார்க்க ஆள் வந்தார்கள். சுற்றி ஆள் நிற்கிறதா என்று ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் நீ கயிற்றை இழுப்பாய்.

ஆடிக் காற்றில் மிஷின் சுணங்கியது. இழுத்தால் கயிறு வந்தது, என்ஜின் பிடிக்கவில்லை. பிடித்தாலும் கைத்தண்டி விறகுக்கே மூச்சு வாங்கியது. பிளக்கைக் கழற்றிப் பார்த்தாய், நெருப்பு வந்தது. பெட்ரோலும் வந்தது. பிறகு மிஷினைத் தூக்கி, ஸ்டார்ட்டர் கயிற்றின் கைப்பிடியை மட்டும் பிடித்துத் தொங்கவிட்டாய். என்ஜின் நன்றாக இருந்தால் உள்ளே அடைபட்ட காற்று தடுக்கும், மிஷின் விட்டு விட்டுத்தான் கீழே இறங்கும். நம்முடையது சரசரவென்று தரைக்கு வந்துவிட்டது.

"கம்ப்ரஷன் போச்சு மாப்ள" என்றாய்.

பிளக் ஓட்டை வழியாகக் கொஞ்சம் எண்ணெய் விட்டு, மூடி, மறுபடி தொங்கவிட்டாய். இப்போது தயங்கித் தயங்கி இறங்கியது. அதற்கு அர்த்தம் இவ்வளவுதான்: உள்ளே ரிங்கோ பிஸ்டனோ தேய்ந்திருக்கிறது, அந்த இடுக்கை எண்ணெய் கொஞ்ச நேரம் அடைத்திருக்கிறது. எதனால் தேய்ந்தது என்று அது சொல்லாது. ஆனால் நீ என்னைத் திரும்பிப் பார்த்தாய்.

அன்று சாயங்காலம் திருச்சுழி டீக்கடையில் கடைக்கார அண்ணாச்சி, மூட்டம் போடுகிற இரண்டு பேர், லோடு ஏற்ற வந்த லாரிக்கார பாய் என்று எல்லாரும் இருக்கும்போது சொன்னாய்.

"எண்ணெய் விட்டதும் தெம்பு வந்துருச்சுல்ல? அப்ப எண்ணெய் பத்தாமத்தான தேஞ்சிருக்கு. இவன் பெட்ரோலுக்கு எண்ணெயக் காட்டிட்டு எடுத்துருக்கான். பலசரக்குக் கடைக்காரன் மகன்ல, அளவு அப்படித்தான் இருக்கும்."

எல்லாரும் சிரித்தார்கள். வாய்ச்சொல்லை நம்பி லோடு நடக்கிற ஊர். அளவில் கை வைப்பவன் என்று பெயர் வந்துவிட்டால் என்னை நம்பி யார் கரி கொடுப்பார்கள்? நான் சரியாகத்தான் கலந்தேன். ஆனால் எரிந்துபோன எண்ணெய்க்கு எங்கே போய்ச் சாட்சி தேடுவது? டீயை அப்படியே வைத்துவிட்டு பஸ் ஏறினேன். பிறகு உன் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை.

நீ அத்தோடு விட்டிருக்கலாம். மிஷின் உன் வீட்டில் கிடந்தது, பழி என் தலையில் கிடந்தது. திறந்து பார் என்று உன்னை யாரும் கேட்கவில்லை.

ஆவணியில் ஒரு நாள் அருப்புக்கோட்டையில் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றாய். நான் உள்ளே வா என்று சொல்லவில்லை, நீயும் எதிர்பார்க்கவில்லை. படியில் உட்கார்ந்து துண்டை அவிழ்த்தாய். உள்ளே பிஸ்டன்.

"இங்க பாரு. சைலன்சர் பக்கம் ஒரு கீறல் கிடையாது. எண்ணெய் பத்தலேன்னா சூட்டுல மொதல்ல இங்கதான் இழுத்துருக்கும். இந்தா, இது காத்து உள்ள வர்ற பக்கம். எப்படி மங்கித் தேஞ்சுருக்கு பாத்தியா? மண்ணு மாப்ள. நான் விட்ட மண்ணு."

காற்று வடிகட்டுகிற பில்டர் கிழிந்தபோது, நீ தறிக்கூடத்திலிருந்து கழிவு நூலை அள்ளிவந்து, எண்ணெயில் நனைத்து அந்த இடத்தில் அடைத்திருந்தாய். துடைக்க, கட்ட, அடைக்க, நம் ஊரில் எல்லாவற்றுக்கும் கழிவு நூல்தான். அதன் சந்து வழியாக ஆடிப் புழுதியும் கரித்தூளும் உள்ளே போய் ராவியிருக்கின்றன.

"சரி" என்றேன்.

"சட்டையப் போட்டுட்டு வா."

"எங்க?"

"டீக்கடைக்கு."

வரமாட்டேன் என்றேன். கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்த் திருச்சுழி பஸ்ஸில் ஏற்றினாய். அண்ணாச்சி முன்னால் பிஸ்டனை வைத்து, "அன்னைக்கு எண்ணெய் கம்மின்னு சொன்னேன்ல, அது தப்பு. இவன் சரியாத்தான் ஊத்திருக்கான்" என்றாய்.

"எந்த எண்ணெயி?" என்றார் அண்ணாச்சி. அவர் மறந்தே போயிருந்தார்.

நீ விடவில்லை. என் அப்பா கடை உட்பட அன்றைக்குச் சொன்னதை எல்லாம் ஒன்று விடாமல் ஞாபகப்படுத்திவிட்டு, பிறகு ஒவ்வொன்றாகத் திரும்ப வாங்கினாய். மூட்டக்காரர்கள் இருவரையும் மூட்டத்துக்கே போய்ப் பார்த்தோம். லாரிக்கார பாய் வீட்டில் இருக்கிறார் என்றார்கள், வீரசோழனுக்கும் பஸ் ஏறினோம். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் எச்சில் கையோடு எழுந்து வந்து, முழுவதையும் கேட்டுவிட்டு, "இதுக்கா இம்புட்டுத் தூரம் வந்தீக?" என்றார். எனக்கு வெட்கமாக இருந்தது. திரும்பும் பஸ்ஸில் நீ தூங்கிவிட்டாய். நான் ஜன்னல் பக்கம் திரும்பி அழுதேன். அது உனக்குத் தெரியாது.

மிஷின் அதன் பிறகு ஓடவில்லை. அந்த அளவு பிஸ்டன் மதுரையில் கிடைக்கவில்லை. நீ கோடாலிக்குத் திரும்பினாய், நான் கடைக்குத் திரும்பினேன்.

இன்றைக்கும் கடையில் நாலு பேர் இருக்கும்போது, இல்லாத ஒருவரைப் பற்றி ஏதாவது சொல்ல வாய் வரும். அது தப்பாகப் போனால் அந்த நாலு பேரையும் வீடு வீடாகத் தேடிப் போவேனா என்று என்னையே கேட்டுக்கொள்கிறேன். போகமாட்டேன் என்று எனக்கே தெரிகிறது. வாயை மூடிக்கொண்டு சாமானை நிறுக்கிறேன்.