பாப்பாவை என்னோடு அனுப்பு

பாப்பா அம்மாவுக்கு,

தையல்காரர் மகளின் கால் என்ன விலை என்று ராத்திரி கேட்டாய். திரும்பிப் படுத்துவிட்டேன். விலை, நம் கடைத் துணியில் மீட்டருக்கு நாற்பது காசு. போன வாரம் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போன பிள்ளைகளை நடுரோட்டில் நிற்கவைத்துவிட்டு, அந்த நாற்பது காசைக் குறைக்கத்தான் போனில் பேரம் பேசினேன். பேரம் படிந்தது. உடனே லாரியின் பிரேக் சத்தம் கேட்டது.

பால் காய்ச்சி மூடி வைத்திருக்கிறேன். கடைச் சாவி ஆணியில் தொங்குகிறது. போனை மேசைமேல் விட்டுப் போகிறேன். மொத்த வியாபாரி கூப்பிட்டால், அவன் முதலில் சொன்ன விலைக்கே நான் எடுத்துக்கொள்வதாகச் சொல்லிவிடு. மயங்கி விழுவான்.

"உங்களை நம்பி நாய்க்குட்டியைக்கூட அனுப்ப மாட்டேன்" என்றாய். நியாயம்தான். நாய்க்குட்டியாவது தானே ஓடித் தப்பித்திருக்கும். அந்தப் பெண், நான் 'வா' என்று சொல்லட்டும் என்று நின்றாள்.

ஆனாலும் எட்டு மணிக்குத் தெருமுனையில் நிற்பேன். ஒற்றைப் பிள்ளைக்கு அங்கே எந்த லாரியும் நிற்காது, வரிசையாகக் கடந்தால்தான் நிற்கும். நம் பாப்பாவே வராவிட்டால் வேறு யார் அனுப்புவார்கள்?

இடம் போதவில்லை, ஓரத்தில் எழுதுகிறேன்: நேற்று வீடு வீடாகப் போய்க் கேட்டேன். மொத்தப் பிள்ளைகள் பதினொன்று. ஆஸ்பத்திரியில் ஒற்றைக் காலோடு ஒன்று. "முதலில் உங்க பொண்ணை அனுப்புங்க, அப்புறம் பார்க்கலாம்" என்று கதவைச் சாத்திய வீடுகளில் ஒன்பது. பாக்கி ஒன்று, உன் கையில்.