கணப்பறையில் அரைப்பேர்

1962 மார்ச் 3, சனி

மூடுபனி. துவைத்த சேலை இன்னும் ஈரம். ஹட்டனில் துணி காய்வது ஒரு நம்பிக்கை.

மாலை, சகோதரிகள் சங்கக் கூட்டம். ஆசிரியப் பயிற்சி விடுதியில் குளிர்காயக் கணப்பு உள்ள ஒரே அறை எங்கள் வசம். முதலாம் ஆண்டிலிருந்து புதுச் சகோதரிகளைச் சேர்க்க வேண்டும். தலைவி ரோஸ்லின் (தேயிலைத் தோட்டத்துப் பெரிய கணக்கப்பிள்ளை மகள், நடையிலேயே தெரியும்) விதியை வாசித்தாள். தவணைப் பரீட்சையில் சராசரி அறுபது புள்ளி. அன்பு, ஒற்றுமை, தியாகமும் தேவை. அவற்றுக்குப் பரீட்சை கிடையாது.

செயலாளர்: நான்.

மார்ச் 5, திங்கள்

வாங்க: மை, சவர்க்காரம். அம்மாவுக்குக் கடிதம் (இன்றும் இல்லை).

சிவபாக்கியம், முதலாம் ஆண்டு. வட்டவளைப் பக்கம் தோட்டத்துப் பெண். சராசரி ஐம்பத்திரண்டு; கணக்கில் தவறிவிட்டாள். மறுபரீட்சையிலும் தவறினால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். கூடத்தில் போர்வைக்குள் உட்கார்ந்து படிக்கிறாள். விரல் விறைத்துப் பென்சில் விழுகிறது.

எங்கள் ஏற்பாடு நேர்த்தியானது. புள்ளி எடுத்தவளுக்குச் சூடு. சூட்டில் உட்கார்ந்தவளுக்கு மேலும் புள்ளி.

மார்ச் 7, புதன்

பாக்கியம் கணப்பறை வாசலில்.

"அக்கா, நானும் உள்ள வந்து படிக்கவா?"

ரோஸ்லின்: "அறுபது இருக்கா?"

"அம்பத்திரெண்டு."

"அப்ப நாங்க என்னா செய்ய? விதி இருக்கே."

"எங்க தோட்டத்துல கொழுந்து ராத்தல் கொறஞ்சா வெரட்டிவிட மாட்டாங்கக்கா. அரைப்பேர் போடுவாங்க, அரைச் சம்பளம் குடுப்பாங்க. எனக்கும் அரைப்பேர் போடுங்க. பாதி நாளைக்கு வர்றேன்."

கமலா (என் அறைத்தோழி) சிரித்தாள். "அரைத் தங்கச்சியாடி நீ?"

வேறு யாரும் சிரிக்கவில்லை. அரைப்பேரில் ஒருநாளாவது சோறு தின்னாத வீடு எங்களில் எது? ரோஸ்லின் வீடு மட்டும்தான். அரைப்பேர் போடுபவர் அவள் அப்பா. அவள் முகம் சிவந்தது. "சரி, போடு" என்றாள் என்னிடம். திங்கள், புதன், வெள்ளி, உட்காரக் கதவோர வாங்குப் பலகை. வாக்குரிமை உண்டா என்று யாரும் கேட்கவில்லை. நானும் நினைவூட்டவில்லை.

மார்ச் 12, திங்கள்

தொண்டை வலி. கொத்தமல்லிக் கஷாயம்.

செய்தி பரவிவிட்டது. அரைப்பேர்கள் முழுப்பேர்களை மிஞ்சிவிட்டார்கள். அறையில் விறகு இல்லாமலே சூடு.

அரையைக் கேட்டு வாங்கிய பாக்கியத்துக்கு அரையோடு கால் கூட்டத் தெரியவில்லை. ரோஸ்லினே சொல்லிக்கொடுக்கிறாள்.

"அரைப்பேரும் காப்பேரும் சேந்தா எவ்வளவுடி?"

"காப்பேருன்னு ஒண்ணு கெடையாதுக்கா. போட்டா எங்காத்தா கணக்கப்புள்ளய சும்மா விடாது."

கணக்கப்பிள்ளை மகள் வாய்விட்டுச் சிரித்தாள். சங்க வரலாற்றில் முதல் தடவை.

மார்ச் 17, சனி

கமலா தீர்மானம் கொண்டுவந்தாள்: "கால நீட்ட எடமில்ல. அரைப்பேர நிறுத்தணும்."

வாக்கெடுப்பு. அரைப்பேர்களும் கை தூக்கலாமா என்று நீண்ட விவாதம். இரண்டு அரைக்கு ஒரு வாக்கு என்று முடிவு. ஜோடி சேர்வதில் சண்டை. அதற்குள் ரோஸ்லின், "பாதிப் பாடத்துல புள்ளைய எறக்கிவிட முடியாது, போடி" என்றாள். தீர்மானம் விழுந்தது. செயலாளர் நடுநிலை வகிக்க வேண்டும். தீர்மானத்துக்கு எதிராக என் கை தானாக உயர்ந்துவிட்டது.

அம்மாவுக்குக் கடிதம் போட்டாயிற்று.

மார்ச் 24, சனி

வெயில்! சேலை காய்ந்தது.

மறுபரீட்சை முடிவு. பாக்கியம் தேறிவிட்டாள், நூலிழையில். ஓடிவந்து வாசலில் நின்று சொல்ல முடியாமல் மூச்சு வாங்கினாள்.

"இன்னும் அறுபது வரலியேடி" என்றாள் கமலா, சும்மா சீண்ட.

"வரலக்கா. ஆனா ஊட்டுக்கு அனுப்ப மாட்டாங்க."

ரோஸ்லின் அவள் தலையில் ஒரு குட்டு வைத்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டதை நான் பார்க்கவில்லை என்று நினைக்கிறாள். பிறகு என் பக்கம் திரும்பி, விதியிலிருந்து அந்த அறுபதை அடித்துவிடச் சொன்னாள்.

கமலா விடவில்லை. "அப்ப எதப் பாத்து ஆள் சேக்குறது?"

பாக்கியம் கணப்புக்கு நேரே கையை நீட்டியபடி: "குளுருதான்னு கேளுங்கக்கா."

அப்படியே எழுதிக்கொண்டேன். கமலா போய்க் கூடத்துப் பக்கக் கதவை அகலத் திறந்து, "யாருக்குடி குளுருது?" என்று கத்தினாள். ரோஸ்லின், "சீக்கிரம் வரச் சொல்லு, சூடு போகுது."