மொச்சை ஒரு கரண்டிதான்

பாவா,

ஞாயித்துக்கிழமையில இருந்து மூஞ்சியத் தூக்கி வெச்சுகினு இருக்கீங்க, அதான் எழுதி வெச்சுட்டுப் போறேன். மணவூர்ல அக்காவைப் பாத்துட்டு அஞ்சு மணிக்குள்ள வந்துடுவேன்.

மொச்சைக் குழம்பு அடுப்பு மேல இருக்குது. கோவத்துல நாய்க்குக் கொட்டிடாதீங்க. காய்ச்சலுக்கு ஆன்டிபயாடிக் மாத்திரை தின்னதுல வயித்துல இருந்த நல்ல பாக்டீரியாவும் செத்துப்போச்சு, பயறும் கீரையும் போட்டாதான் திரும்பப் பெருகும்னு டாக்டரம்மா சொன்னாங்க இல்ல? கொஞ்சம் கொஞ்சமான்னும் சொன்னாங்க. நீங்க மொத நாளே மூணு கிண்ணம் அடிச்சுட்டு சர்ச்சுக்கு வந்தா? இன்ஜினைக் கடைஞ்சு ரீபோர் பண்ண வண்டிய எடுத்த எடுப்புல நூறுல முறுக்குவீங்களா? இன்னிக்கு ஒரு கரண்டி போதும்.

வாழைப்பூ வடை மூடி வெச்சிருக்கேன். அந்தத் துவர்ப்பையும் பாக்டீரியாங்க உடைச்சுக் குடுத்தாதான் உடம்புல சேருமாம். பாதி வடை பாஸ்டருக்கு. ஆறு மணிக்கு வீட்டு ஜெபத்துக்கு வர்றாரு. வெக்கப்பட்டுகினு மெக்கானிக் ஷெட்டுக்கு ஓடிடாதீங்க. மௌன ஜெபத்துல காத்து பிரிஞ்ச சத்தத்தை அவரு எப்பவோ மறந்திருப்பாரு.

நான் சிரிச்சது தப்புதான்.

உங்க பொண்டாட்டி பிரிஸில்லா

சாவியத் தேடாதீங்க, ஃப்ரிட்ஜ் மேல இருக்குது.

இன்னொண்ணு. நீங்க மூணு கிண்ணம்னா நானும் ரெண்டு தின்னேன். மொத சத்தம்தான் உங்களுது. ரெண்டாவது என்னுது. அதுக்கும் எல்லாரும் உங்களையே திரும்பிப் பாத்தாங்க, நீங்களும் பாவம், தலையக் குனிஞ்சுகினீங்க. அதுக்குதான் பாவா சிரிச்சேன்.