பின்கதவில் ஒட்டிய வெல்வெட்

8 ஜூலை 1959
மாத இதழ் வந்துவிட்டது. 'கேமரா சோதனை', இரண்டு பக்கம், கீழே அசோகன் என்று என் பெயர். பகலெல்லாம் ஸ்டுடியோ இருட்டறையில் ஹைப்போ நாற்றத்தில் ஊறுகிறவன் பெயர் அச்சில்!
கடைசிப் பத்தியைக் காணோம். 'மூன்றாவது ரோலில் ஒரு படத்தின் ஓரம் வெளுத்திருந்தது. வாங்குகிறவர்கள் பின்கதவைச் சோதித்து வாங்கவும்.' அதை மட்டும் வெட்டியிருக்கிறார்கள்.

9 ஜூலை
ஆசிரியர் நாராயணசாமியிடம் கேட்டேன்.
"பின்னட்டையத் திருப்பிப் பாரு தம்பி."
பார்த்தேன். அதே 'மயூரா' கேமரா. முழுப்பக்க விளம்பரம்.
"ஒரே ஒரு படம்தானே வெளுத்துது? உன் கை தவறியிருக்கும். சோதனைக்குக் கொடுத்த கேமராவை நீயே வெச்சுக்கோ. கம்பெனில சொல்லிட்டாங்க."
வைத்துக்கொண்டேன். எப்போதும் முதலாளிகளைத் திட்டுகிற என் வாய் அப்போது எங்கே போயிற்று?

21 ஜூலை
பக்கத்து வீட்டுப் பச்சைமுத்து மயூரா வாங்கிவிட்டான். அடுகோடி லேத் பட்டறை வேலையையும் விட்டுவிட்டான். இனி கல்யாணப் படம்தானாம். என் கட்டுரையைக் கத்தரித்து, மடித்து, கேமரா உறைக்குள் வைத்திருக்கிறான்.
"நீ எழுதினதப் பாத்துதான் மச்சான் வாங்கினேன். இனிமே கையில கிரீஸ் கிடையாது."
அவன் மனைவி சின்னத்தாயி உள்ளேயிருந்து, "கையில கிரீஸ் இல்ல, சரி. கொழம்புல எண்ணெய் இருக்குமான்னு பாப்போம்" என்றாள்.
மூவரும் சிரித்தோம். வெட்டிய பத்தியைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. எல்லாக் கேமராவிலும் வெளிச்சம் கசியுமா என்ன?

2 ஆகஸ்ட்
பச்சைமுத்துவின் கேமராவைக் கேட்டு வாங்கி ஒரு ரோல் போட்டுப் பார்த்திருக்கலாம். இன்றும் செய்யவில்லை.

24 ஆகஸ்ட்
நேற்று எங்கள் தெரு கோவிந்தப்பா மகள் கல்யாணம். பச்சைமுத்து படமெடுத்த முதல் கல்யாணம். பந்தலில் வெளிச்சம் போதாதென்று ஒரு பக்கத்துக் கீற்றைப் பிரித்து வெயிலை உள்ளே விட்டானாம். அவ்வளவு யோசித்திருக்கிறான்.
மூன்று ரோலையும் நான்தான் கழுவினேன். எல்லாவற்றிலும் குறுக்கே ஒரு வெள்ளைப் பட்டை. தாலி கட்டுகிற படத்தில் மாப்பிள்ளைக்குத் தலை இல்லை.
கோவிந்தப்பா தெருவில் நின்று கத்தினார். "முகூர்த்தம் இன்னொரு தபா வருமாய்யா? லேத்த விட்டுட்டு உனக்கு எதுக்கு இந்த வேஷம்?"
பச்சைமுத்து தலை குனிந்தபடி நின்றான். பிறகு என்னிடம் மெதுவாக, "எனக்குத்தான் கை வரல மச்சான். நீ நல்லா இருக்குன்னுதானே எழுதியிருக்க" என்றான்.
ஐயோ. அவன் என்னைத் திட்டியிருந்தால்கூடத் தேவலை.

26 ஆகஸ்ட்
பச்சைமுத்துவின் கேமராவை வாங்கிவந்து என்னுடையதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். என்னுடையதில் பின்கதவு விளிம்பைச் சுற்றி, வெளிச்சம் புகாதபடி, மெல்லிய கறுப்பு வெல்வெட் பட்டை. கையால் ஒட்டியது. ஒரு மூலையில் பசை விட்டிருக்கிறது. அதுதான் என் மூன்றாவது ரோல்! அவனுடையதில் வெறும் தகரம்.
எழுதுகிறவனுக்கு ஒரு கேமரா, வாங்குகிறவனுக்கு ஒரு கேமரா. திருட்டுப் பசங்க. நான் மட்டும் யாராம்? கடையில் வாங்கிச் சோதிக்காமல், கையில் திணித்ததைச் சோதித்தவன்.
அவன் கேமராவை அவனிடம் திருப்பிக் கொடுத்தேன். வாயைத் திறக்கவில்லை. மறுப்பு எழுதுகிறேன், இதழில் வரட்டும், அச்சில் பார்த்தால் நம்புவான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பயம் என்று எழுதினால் போதாதா?

29 ஆகஸ்ட்
மறுப்பை நேரில் கொண்டுபோய்க் கொடுத்தேன். நாராயணசாமி படித்தார். "நல்லா எழுதற. அடுத்த மாசம் பாக்கலாம்."

3 அக்டோபர்
செப்டம்பரிலும் இல்லை, அக்டோபரிலும் இல்லை. பின்னட்டை விளம்பரம் மட்டும் தவறாமல் வந்திருக்கிறது.
இனி எழுத மாட்டேன் என்று நாராயணசாமியிடம் சொன்னேன். "சரி" என்றார். அவ்வளவுதான்.

4 அக்டோபர், ஞாயிறு
வெல்வெட் மூலையை மறுபடி ஒட்டினேன். என் கேமராவைப் பச்சைமுத்துவுக்குக் கொடுத்துவிட்டு அவனுடையதை வாங்கிக்கொள்ளலாம், அப்படியே எல்லாவற்றையும் சொல்லிவிடலாம் என்று பையில் போட்டுக்கொண்டு போனேன்.
வாசலில் மண்ணெண்ணெய் போட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தான். நகக்கண்ணெல்லாம் கிரீஸ். பத்து நாளாக மறுபடி பட்டறையாம்.
"கேமரா எங்கடா?"
"வித்துட்டேன் மச்சான். அல்சூர் பவுலினக்கா இல்ல, சர்ச்சுல பாடுமே? அதோட தம்பி ரெமிஜியசுக்கு. அவனும் கல்யாணப் படம் எடுக்கப் போறானாம்."
பையை முதுகுக்குப் பின்னால் நகர்த்திக்கொண்டேன்.
"மொதல்ல யோசிச்சாங்க. உறைக்குள்ள நீ எழுதினது இருந்துச்சில்ல, அதப் பிரிச்சுக் காட்டினேன். அப்பவே எடுத்துக்கிட்டாங்க" என்றான், எனக்குப் பெருமையாக இருக்கட்டும் என்று.