கை தூக்கிய இடம்

அண்ணா,

உனக்காகப் பிடித்துவைத்த நாற்காலியில் கடைசிவரை என் கோட்டுதான் உட்கார்ந்திருந்தது. பரவாயில்லை, என்னைப் பற்றிய படம் நன்றாகவே ஓடியது. "பொம்பளைங்க ஸ்கீ கட்டையை மாட்டிக்கிட்டுப் பனிச்சரிவுல தாண்டினா கர்ப்பப்பை கழண்டுடும்" என்று அந்தக் காலத்து டாக்டர் சொன்னதும் அரங்கமே சிரித்தது. என் மூன்று பிள்ளைகள்தான் அதிகம் சிரித்தார்கள்.

பிறகு அந்தப் பழைய காட்சி. ஆண்களின் போட்டிக்கு முன்னால் தடத்தைச் சோதிக்க என்னைத் தாண்டவிட்டார்களே, அது. சோதனைத் தாண்டலை யாரும் அளப்பதில்லை. ஆனாலும் நான் இறங்கிய இடத்தில், தாண்டியவர் இறங்கும் இடத்தைச் சரிவோரம் நின்று கை தூக்கிக் காட்டும் அளவுக்காரர் ஒருவர், பழக்கத்தில் நட்சத்திரக் கையுறை போட்ட கையைத் தூக்கிவிட்டார். அன்று கோப்பை வாங்கியவன் இறங்கிய இடத்தைவிட நன்றாகத் தள்ளி!

"டேய், அவ கணக்குல இல்லடா, கையை இறக்கு!" என்று நடுவர் கத்துவது தெளிவாகக் கேட்கிறது. கை இறங்கிவிடுகிறது.

படம் எடுத்த சிக்னே, "அது யாருங்க?" என்றாள். முகம் தெரியவில்லை என்று சொல்லிவிட்டேன். அந்த நட்சத்திரக் கையுறையைப் பின்னிக் கொடுத்தவளே நான்தான்.

சனிக்கிழமை சின்னக் குன்றில் தாண்டப்போகிறேன். எழுபது வயதுதான் ஆகிறது, முழங்கால் இரண்டும் சொன்னபடி கேட்கின்றன. ஓர் அளவுக்காரர் வேண்டும். கையுறையோடு வா. இந்த முறை யார் கத்தினாலும் கையை இறக்காதே.

உன் தங்கை