ஹெல்ப் என்றால் உதவி

மார்ச் 4, செவ்வாய்

தங்கையின் ஆபீஸ் மேனேஜரம்மா இன்று சாப்பிட வந்திருந்தார். காலையிலிருந்து அடுப்படியில் நின்று இடுப்பு கழன்றுவிட்டது. தட்டு வைக்கப் போனபோது என்னைப் பார்த்து அவர் ஏதோ கேட்டார். தங்கை சிரித்துக்கொண்டே ஆங்கிலத்தில் பதில் சொன்னாள். எனக்குப் பிடிபட்டது ஒரே சொல் — ஹெல்ப். அட, வந்தவர் முன்னால் என் உதவியைச் சொல்கிறாளே! மனசு குளிர்ந்து, இன்னும் ஒரு கரண்டி கூடவே பரிமாறினேன். அவள் மகள் வாலு மட்டும் தட்டை விட்டுத் தலை தூக்கவில்லை.

மார்ச் 5

வாலு பள்ளி விட்டு வந்ததும் கேட்டேன், நேற்று ஏன் உம்மென்று இருந்தாள் என்று. ஷூவைக் கழற்றிக்கொண்டே சொன்னாள்.

"அந்த ஆன்ட்டி, இவங்க யாருன்னு கேட்டாங்க. அம்மா, 'எங்க ஹெல்ப்'னு சொன்னாங்க."

"ஹெல்ப்னா உதவிதானே?"

"ஹெல்ப் பண்றாங்கன்னா உதவி, பெரியம்மா. எங்க ஹெல்ப்னா... வேலைக்கு வச்சிருக்கிறவங்க."

பத்து வயசுப் பிள்ளை. சொல்லிவிட்டு அதுவே அழுதது.

மார்ச் 6

தங்கையிடம் கேட்கவில்லை. சமையலில் உப்புப் போட மறந்தேன்.

மார்ச் 8, சனி

கேட்டுவிட்டேன். "வாய் தவறி வந்துடுச்சு, அக்கா. ஒரு வார்த்தையைப் பிடிச்சுக்கிட்டுத் தொங்காதே" என்றாள்.

நம்பினேன். அம்மா போன பிறகு என் இடுப்பிலேயே வளர்ந்தவள். அவளை நம்பாமல் யாரை நம்புவது?

மார்ச் 11

லிஃப்டில் மேல் வீட்டு டாக்டரம்மா பேச்சுக் கொடுத்தார். "உங்களை மாதிரி ஒருத்தர் எங்களுக்கும் வேணும். நீங்க எந்த ஏஜென்சி? உங்க மேடத்துகிட்ட கேட்டேன், அப்புறம் சொல்றேன்னாங்க."

"எப்பக் கேட்டீங்க?"

"நீங்க வந்த புதுசுல. ரெண்டு வருஷம் இருக்கும்."

வந்த புதுசிலேயே! வாய் தவறி வந்ததாம்.

'நான் அவ அக்கா' என்று சொல்ல நாக்கு எழவில்லை. சொன்னால் அவள் மானம் போய்விடுமே என்று நினைத்தேன். அப்பவும் அவளுக்காகத்தான் யோசிக்கிறேன். என்ன ஜென்மம் நான்!

தங்கை வந்ததும் வராததுமாகக் கேட்டேன். இந்த முறை மழுப்பவில்லை.

"அக்கான்னு சொன்னா, என்ன படிச்சிருக்காங்க, ஏன் உங்க வீட்டுல சமைக்கிறாங்கன்னு ஆயிரம் கேள்வி வரும். யாரு பதில் சொல்றது?"

"'தையல் ஆலையில சூப்பர்வைசரா இருந்தவங்க, நான் கூப்பிட்டதும் வேலையை விட்டுட்டு வந்துட்டாங்க'ன்னு சொல்றது."

கைப்பையோடு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அவ்வளவுதான்.

வேலைக்காரின்னா மட்டமா? இல்லை. அவளுக்குச் சம்பளம் உண்டு, லீவு உண்டு, பிடிக்கலைன்னா போயிடலாம். அந்தப் பேரை மட்டும் எனக்குக் குடுத்துட்டு, சம்பளம் லீவைக்கூடக் குடுக்கலையே இவ!

மார்ச் 14

கடைத்தெருவில் துணி திருத்தித் தரும் கடை. ஆள் வேண்டுமா என்று கேட்டேன். கடைக்காரர் ஒரு ஜாக்கெட்டை நீட்டி ஜிப் மாற்றச் சொன்னார். முடித்ததும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். திங்கள் முதல் வரலாமாம். மாடியில் ஒரு அறையும் காலியாக இருக்கிறதாம்.

மார்ச் 16

பெட்டி கட்டினேன். "இப்படிப் பாதியில விட்டுட்டுப் போனா பிள்ளையை யாரு பாத்துக்கிறது?" என்றாள் தங்கை.

"ஏஜென்சியில கேளு."

சொல்லியிருக்கக் கூடாது. சொல்லிவிட்டேன். வாலு வாசல் வரை வந்து என் கையை விடவேயில்லை.

மார்ச் 29

முதுகு வலி. ஆனாலும் இது என் வேலையில் வந்த வலி.

ஏப்ரல் 17

தங்கை போன் செய்தாள். வாலுவுக்குக் காய்ச்சலாம், இப்போது இறங்கிவிட்டதாம்.

"ஒரு வாரம் வந்து இரேன், அக்கா."

"ஞாயித்துக்கிழமை வந்து பாக்குறேன்."

"தங்க மாட்டியா?"

"மாட்டேன்."

நான் போனை வைக்கவில்லை. பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டாள்:

"சாப்பிட்டுட்டாவது போவியா? நான் சமைக்கிறேன்."

அவளுக்கு உலை வைக்கவே தெரியாது. பார்க்கலாம் என்றேன்.